வகுப்பில் வாய் தவறிப்போனால்: பெல் அடிப்பதற்குள் செய்ய வேண்டியது

வகுப்பில் எல்லார் முன்னாலும் எதையோ உளறிவிட்டீர்கள். சிரிப்பு கிளம்பிவிட்டது. காது மடல் சுடுகிறது. இப்போது உங்களுக்கு வேலை ஒன்றுதான்: பெல் அடிப்பதற்குள் இன்னொரு முறை வாயைத் திறந்து, பாடத்தைப் பற்றி ஒரு வாக்கியமாவது பேசிவிடுங்கள். மற்ற யோசனைகளெல்லாம் இதற்குப் பிறகுதான். அன்றைக்கு வகுப்பு உங்கள் வாயிலிருந்து கடைசியாகக் கேட்டது அந்த உளறலாக இருந்துவிடக் கூடாது.

நான் தருமபுரியில் விலங்கியல் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருக்கிறது, சம்பளத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். பென்னாகரம், ஏரியூர், பாலக்கோடு, அரூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரிக்கு வந்ததும் ‘ஆஸ்மோரெகுலேஷன்’ (உடம்பு தண்ணீரையும் உப்பையும் சமன் செய்வது) என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு தடவை வாய் குழறியதற்காக, மூன்று வருஷமும் வாயே திறக்காமல் டிகிரி வாங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மார்க் நன்றாகவே இருக்கும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், குரல் வராது. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் இது.

முதலில், எப்படியெல்லாம் உளறுவோம்

வாய் தவறுவதில் சில ரகங்கள் திரும்பத் திரும்ப வரும். ரகம் தெரிந்தால் பயம் பாதி குறையும்.

அதிகமாக வருவது ‘அம்மா’. ‘மேம்’ என்று சொல்ல வாயெடுத்து ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிடுவது. எனக்கு ‘அத்தை’யும் வந்திருக்கிறது, ‘சின்னம்மா’வும் வந்திருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆட்களை மனசு கும்பல் கும்பலாக வைத்துக்கொள்கிறது. ஒரு கும்பலுக்குள் ஒருவர் பெயருக்குப் பதில் இன்னொருவர் பெயர் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் இதைப் பற்றி எழுதினார்கள். வீட்டு ஆட்களின் பெயர் வீட்டு ஆட்களோடுதான் குழம்புகிறது, சிநேகிதர்களின் பெயர் சிநேகிதர்களோடு. வேடிக்கை என்னவென்றால், வீட்டு நாயின் பெயரும் அந்தக் குடும்பப் பட்டியலில் வந்துவிடுகிறது, பூனைக்கு அவ்வளவாக இடம் இல்லை. உங்கள் ஆயா பேரன் பேத்தி எல்லார் பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் உங்கள் பெயருக்கு வருவதும் இதே கதைதான். ஆக, ஒரு மாணவன் என்னை ‘அம்மா’ என்றால், அதட்டுகிற, அக்கறைப்படுகிற ஆட்களின் கும்பலில் என்னையும் சேர்த்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வேன். ‘சொல்லு கண்ணு’ என்றுவிட்டு நடத்தப் போய்விடுவேன்.

அடுத்தது தூக்கக் கலக்கம். காலையில் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி, ஒரு பஸ் மாறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்த பையனுக்கு இரண்டாவது மணிநேரத்தில் கண் சொக்கத்தான் செய்யும். அப்படித் தூங்கிய ஒருவனைப் பக்கத்தில் போய்த் தோளில் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே, கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோய், ‘பாஸ்ணா’ என்றான். கண்டக்டர் என்று நினைத்துவிட்டான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவன் முழித்துப் பார்த்து, நிலைமை புரிந்ததும் சொன்னான்: ‘இறங்கிடறேன் மேம்.’ முகம் கழுவிவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே ‘பாஸ்’தான். ஜூனியர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு அப்படியே கூப்பிட்டார்கள், அவனும் திருத்தவில்லை.

மூன்றாவது, வார்த்தை நழுவுவது. விலங்கியலில் இந்தத் தொல்லை மற்ற பாடங்களைவிட அதிகம். இனப்பெருக்க மண்டலத்தை விட்டுவிடுங்கள், அதை எப்படி வாசித்தாலும் சிரிக்க நாலு பேர் இருப்பார்கள். உயிரி என்று அர்த்தப்படும் சாதாரண ‘ஆர்கனிசம்’ என்ற சொல்லே போதும். வேகமாக வாசித்தால் நடுவில் ஒரு அசை விழுந்துவிடும். விழுந்தால் என்ன வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை, கடைசி பெஞ்சுக்கு உடனே தெரிந்துவிடும். இதோடு வீட்டு மொழி வந்து விழுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளைத் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ‘ஏனு?’ என்றோ ‘ஏமி?’ என்றோதான் பதில் வரும். அஞ்செட்டியும் தேன்கனிக்கோட்டையும் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதெல்லாம் ஒரு செய்தியே கிடையாது. அதைத் தப்பு என்று யாராவது சிரித்தால், மூன்று மொழி பேசுகிறவரைப் பார்த்து ஒன்றரை மொழி பேசுகிறவர் சிரிக்கிறார், அவ்வளவுதான்.

நான்காவதுதான் நிஜமாகவே சிக்கலானது: பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்துவிடுவது. எங்கள் வகுப்பறையில் ஃபேன் சுத்தும்போது யார் பேசினாலும் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், பேசிக்கொண்டிருந்தவர் குரல் மட்டும் அதே உயரத்தில் நிற்கும். சிறுநீரகத்தில் சிறுநீரைப் பிரிக்கும் நுண்குழாயான நெஃப்ரானைப் படம் போட்டு, அதில் ஊசி மாதிரி வளைந்து திரும்பும் ஹென்லே வளைவை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், மூன்றாவது பெஞ்சிலிருந்து கணீரென்று வந்தது: ‘மேம் புடவை சூப்பரா இருக்குடி, ஆனா நடத்துறது ஒண்ணும் புரியல.’

அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அந்தப் பத்து நொடி

கையால் முகத்தை மூடாதீர்கள். பெஞ்சுக்கு அடியில் குனியாதீர்கள். ‘நான் அப்படிச் சொல்லல, நான் சொல்ல வந்தது என்னன்னா’ என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். விளக்கம் சொல்லச் சொல்ல, அதே சொல்லை நீங்களே இன்னும் இரண்டு தடவை வகுப்புக்கு நினைவுபடுத்துவீர்கள். சிரிப்பு என்பது தானாக அடங்கக்கூடியது. அதை நீட்டுவது விளக்கம்தான்.

மூச்சை ஒரு தடவை முழுசாக வெளியே விடுங்கள். இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தானாக வரும். பிறகு ‘சாரி மேம்’ அல்லது ‘ஐயோ’ என்று ஒரே ஒரு சொல். சிரிப்பு வந்தால் நீங்களும் சிரியுங்கள், வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். பொய்ச் சிரிப்பு பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் விட்ட வாக்கியத்தை அதன் முதல் சொல்லிலிருந்து மறுபடி சொல்லுங்கள். நடுவிலிருந்து தொடராதீர்கள். தப்பிய இடத்தைத் தாண்டிக் குதித்தால் எல்லார் காதும் அந்தப் பள்ளத்திலேயே நிற்கும்.

ஆர்கனிசத்தில் மாட்டிய ஒரு பெண் இதைச் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். புத்தகத்தில் அந்த வரி மேல் விரலை வைத்தபடியே நின்றாள். விரல் லேசாக நடுங்கியது, ஆனால் வரியை விட்டு எடுக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் இறங்கியதும் ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்டேன். வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போனாள். அந்தச் சொல் வந்ததும் ‘ஆர், க, னி, சம்’ என்று நாலு துண்டாக, கடைக்காரர் சில்லறை எண்ணி வைப்பதுபோல வைத்தாள். அப்படியே பத்தி முடியும் வரை வாசித்தாள். மூன்றாவது வரிக்கு வந்தபோது சிரிக்க யாரும் மிச்சமில்லை. வாசித்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

முகம் சூடாவதைப் பற்றி ஒரு வார்த்தை. முகத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதுதான் அந்தச் சூடு. நிறுத்த நினைத்தால் நிற்காது. சார்லஸ் டார்வின் 1872இல் உணர்ச்சிகளைப் பற்றி எழுதியபோது இதற்கென்று ஒரு அத்தியாயமே ஒதுக்கினார், உணர்ச்சி வெளிப்பாடுகளிலேயே மனிதனுக்கு மிகவும் உரியது இதுதான் என்றார். கறுத்த தோலிலும் ரத்தம் ஏறத்தான் செய்கிறது, வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதையும் அவர் பேசியிருக்கிறார். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு சௌகரியம். உங்களுக்கு நெருப்பாக எரிவது பக்கத்து பெஞ்சுக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்தாலும் நஷ்டமில்லை. 1982இல் செமின், மான்ஸ்டெட் என்ற இரண்டு உளவியலாளர்கள், கடையில் அடுக்கி வைத்த சரக்கைத் தட்டிவிடும் ஒருவரைப் படம் பிடித்துக் காட்டினார்கள். தட்டிவிட்டுக் கல் மாதிரி நின்றவரைவிட, கூச்சப்பட்டவரைத்தான் பார்த்தவர்களுக்குப் பிடித்தது. எனவே ‘எனக்கு ஒண்ணுமே ஆகல’ என்று விறைப்பாக நிற்பதைவிட, நெளிந்தால் நெளிந்துவிட்டுப் போங்கள்.

இப்போது அந்தப் புடவைப் பெண். எழுந்து நின்றாள். நான் எழுப்பவில்லை, தானாக எழுந்தாள். ‘சாரி மேம். புடவை நிஜமாவே நல்லா இருக்கு. அந்த வளைவுல உப்பு ஏன் ஒரு பக்கம் வெளியே போகுது, தண்ணி ஏன் இன்னொரு பக்கம் போகுதுன்னுதான் புரியல’ என்றாள். இதைவிட நல்ல மீட்பை நான் பார்த்ததில்லை. சொன்னதை மறுக்கவில்லை, அதன் நல்ல பாதியை உறுதி செய்தாள், கெட்ட பாதியைக் கேள்வியாக மாற்றிவிட்டாள். ஹென்லே வளைவின் இறங்கும் பக்கம் தண்ணீரை விடும், ஏறும் பக்கம் உப்பை மட்டும் விடும், தண்ணீரை விடாது. அதனால்தான் சிறுநீரகத்தின் உள்ளே போகப் போக உப்பு கூடுகிறது என்று கரண்ட் இல்லாமலே இன்னொரு தடவை நடத்தினேன். அது புரியாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆசிரியரைக் குறித்து உங்கள் வாயிலிருந்து ஏதாவது விழுந்தால் இந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியாக மாற்ற முடியாத அளவுக்கு மோசமாக இருந்தால், வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் இரண்டே வாக்கியம்: ‘அப்படிப் பேசினது தப்பு மேம். இனி பேச மாட்டேன்.’ துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அது மன்னிப்பு மாதிரி இருக்காது, மனு கொடுக்க வந்த மாதிரி இருக்கும். இன்டர்னல் மார்க் போய்விடுமோ என்ற பயத்தையும் அங்கே வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

இன்னொருவருக்கு வலித்திருந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் மானம் மட்டும் போன விவகாரம். வாயிலிருந்து வந்தது இன்னொருவரின் நிறத்தையோ உடம்பையோ பேச்சையோ சாதியையோ தொட்டிருந்தால், கதை வேறு. அங்கே உங்கள் கூச்சம் முக்கியமில்லை.

நம் பக்கத்தில் ‘நீ எந்த ஊரு?’ என்ற கேள்விக்குள் பல சமயம் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று அடுத்துக் கேட்டால் அது வெளியே வந்துவிடும். கேட்டவர் யோசிக்காமல் கேட்டிருக்கலாம். கேட்கப்பட்டவர் யோசிக்காமல் இருந்திருக்கவே முடியாது. இந்த மாதிரி ஒன்று வகுப்பில் உங்கள் வாயிலிருந்து வந்திருந்தால் சிரித்து மழுப்பாதீர்கள். ‘சும்மா தமாஷுக்கு’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அன்றைக்கே, நேரில் போய், ‘நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சிடு’ என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ‘ஆனா’ வரக் கூடாது. எல்லார் முன்னால் சொன்னதற்கு எல்லார் முன்னாலும் ஒரு வாக்கியம் மன்னிப்பு கேட்பதுதான் நியாயம். அவர் உடனே சமாதானமாகாவிட்டால் அது அவர் உரிமை. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

இடைவேளையும் வாட்ஸ்அப்பும்

பெல் அடித்ததும் பாத்ரூமில் போய் ஒளிந்துகொள்வதும், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடுவதும் வேண்டாம். வழக்கமாக டீ குடிக்கும் கும்பலோடு அன்றைக்கும் போய் நில்லுங்கள். கிண்டல் செய்வார்கள். முதல் கிண்டலுக்குச் சிரியுங்கள், இரண்டாவதுக்கு ‘சரி விடு, டீ சொல்லு’ என்று பேச்சை மாற்றுங்கள். நீங்கள் அங்கே இல்லாவிட்டால் அதே கதை கை கால் முளைத்து வளரும். பட்டப்பெயர் வைத்தால் கோபப்படாமல் ஒரு தடவை ‘என்ன?’ என்று திரும்பிப் பாருங்கள். கோபம் வராத இடத்தில் பட்டப்பெயர் ரொம்ப நாள் ஓடாது, ஓடினாலும் ‘பாஸ்’ மாதிரி உபயோகமாக மாறிவிடும்.

வகுப்பு குரூப்பில் ஸ்டிக்கர் வரும். அங்கே விளக்கம் எழுதாதீர்கள், வாய்ஸ் மெசேஜ் போடவே போடாதீர்கள். குரூப்பை விட்டு வெளியேறவும் வேண்டாம். ‘இன்னார் வெளியேறினார்’ என்ற அந்த ஒற்றை வரி, மறந்துபோனவர்களுக்கும் ஞாபகப்படுத்தும். வேறு ஏதாவது உபயோகமாக அனுப்புங்கள்: அன்றைய நோட்ஸ் போட்டோ, அசைன்மென்ட் தேதி. நோட்ஸ் வந்தால் ஸ்டிக்கர் எங்கேயோ மேலே போய்விடும்.

யாராவது போனில் படம் பிடித்திருந்தால், பிடித்தவரிடம் தனியாக, நேரில், அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். நல்லபடியாகக் கேட்டால் பெரும்பாலும் அழித்துவிடுவார்கள். அழிக்காமல் அதை வைத்துத் தொடர்ந்து சீண்டினாலோ, ஆபாசமாகப் பேசினாலோ, அது கிண்டல் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997 முதலே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. பாலியல் சீண்டல் என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். ‘பசங்கதானே’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

ராத்திரி

படுத்ததும் அந்தக் காட்சி ஓடும். ‘நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது’ என்று விரட்டினால் இன்னும் ஓடும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. நினைப்பை அடக்குவதைவிட ஒருவரிடம் கொட்டிவிடுவது நல்லது. யாரிடம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அம்மாவிடம் சொன்னால் ‘காலேஜுல உன்ன யாரு என்ன சொன்னா?’ என்று மாமாவுக்குப் போன் போகும். கூடப் பிறந்தவர்கள் அல்லது பஸ்ஸில் கூட வரும் சிநேகிதி நல்ல தேர்வு. நடந்ததை நடித்தே காட்டிவிடுங்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் ஒரு ஆய்வைச் சொல்வார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிலோவிச்சும் அவர் சகாக்களும் செய்தது, 2000இல் வெளிவந்தது. பாடகர் ஒருவர் முகம் பதித்த, போட்டுக்கொள்ளக் கூச்சமான சட்டையோடு மாணவர்களை ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். நல்ல ஆய்வுதான், ஆனால் அப்படியே நமக்குப் பொருந்தாது. சட்டையைப் பார்க்காமல் இருக்கலாம், கரண்ட் போன வகுப்பில் விழுந்த பேச்சு எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அடுத்தவர் மனசில் நமக்கு இருக்கும் இடத்தை நாமே பெரிதாக அளந்துகொள்கிறோம் என்ற அளவுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டார்கள், உண்மை. ராத்திரி பத்து மணிக்கு அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பது நீங்கள் ஒருவர்தான். அவரவருக்கு ரெக்கார்ட் நோட்டு பாக்கி இருக்கிறது.

மறுநாளும், அடுத்த செமினாரும்

மறுநாள் லீவு போடாதீர்கள். அதே இடத்தில் உட்காருங்கள். ஒரு சந்தேகம் கேளுங்கள், பெரிய சந்தேகமாக இருக்க வேண்டாம். ‘மேம், அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுங்க’ என்றாலே போதும். முந்தின நாள் பெல் அடிப்பதற்குள் பேச முடியாமல் போனவர்களுக்கு இதுதான் இரண்டாவது வாய்ப்பு. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த வாய் திறப்பது ரொம்பக் கஷ்டம்.

செமினார் எடுக்கப் போகிறவர்கள் கஷ்டமான சொற்களை முதல் நாளே மொட்டை மாடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் வாசிப்பது கணக்கில் சேராது, நாக்குக்கு அது தெரியாது. குறிப்பில் அந்தச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் துண்டு துண்டாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன கோடு போட்டுக்கொண்டு, அங்கே நிறுத்தி மூச்சு விடுங்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள். களியோ கூழோ, வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பசியும் தூக்கமும் சேர்ந்தால் நாக்கு சொன்ன பேச்சு கேட்காது.

இன்னொன்று, செமினாருக்கு யார் முதலில் என்று மேம் கேட்டால் கையைத் தூக்கிவிடுங்கள். முதல் ஆள் பேசும்போது அடுத்து வரப்போகிறவர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் குறிப்பைத்தான் உருப்போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் என்ன உளறினாலும் காதில் வாங்க ஆள் இருக்காது, என்னைத் தவிர.